சீட்டில் இல்லாத எண்

டெக்சாஸிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் அக்கா மகன், பர்ஸிலிருந்து ஒரு சீட்டை எடுத்து டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தான். பெட்ரோல் பங்க் ரசீது மாதிரி ஓரம் சுருண்ட தாள். அவன் ஊருக்கு வெளியே ஒரு டிராக் ஸ்டிரிப் இருக்கிறது. சில ராத்திரிகளில் காசு கட்டினால் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுபோய் கால் மைல் விரட்டிப் பார்க்கலாம். இவன் தன் பழைய மஸ்டாங்கைக் கொண்டுபோயிருக்கிறான்.

"மாமா, இதுல எல்லாம் இருக்கு, ஜீரோ டு சிக்ஸ்டி மட்டும் இல்ல. ஆபீஸ்ல எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க."

நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைலை எட்ட எத்தனை விநாடி என்பதைத்தான் கேட்கிறார்கள். சீட்டில் இருந்தது இதுதான். 60 அடிக்கு 2.05 விநாடி. 330 அடிக்கு 5.66. 660 அடிக்கு 8.66, அங்கே வேகம் மணிக்கு 83 மைல். 1000 அடிக்கு 11.24. கடைசியாக 1320 அடி, அதாவது முழுக் கால் மைல், 13.42 விநாடி, வேகம் 105 மைல். எல்லாவற்றுக்கும் மேலே தனியாக .412 என்று ஓர் எண்.

அந்த .412-ஐ முதலில் ஒதுக்கிவிடலாம். பச்சை விளக்கு எரிந்ததற்கும் கார் கிளம்பியதற்கும் நடுவே ஓட்டுகிறவர் எடுத்துக்கொண்ட நேரம் அது. பக்கத்துத் தடத்தில் எதிராளி நிற்கும் பந்தயத்தில் அது தலையெழுத்தையே மாற்றும். காரின் பிக்கப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லாது. மற்ற எண்களெல்லாம், கார் நகர்ந்த பிறகே ஓடத் தொடங்கும் வேறொரு கடிகாரத்தினுடையவை. பச்சை விழுந்த பிறகு சாவகாசமாக ஒரு வாய் டீ குடித்துவிட்டுக் கிளம்பியிருந்தாலும் 13.42 மாறியிருக்காது.

"கார் நகர்ந்த உடனேயே அது ஓட ஆரம்பிச்சுடுமா?"

உடனே இல்லை. தொடக்கக் கோட்டின் குறுக்கே தரையை ஒட்டி ஓர் ஒளிக்கற்றை போகிறது. கார் ஊர்ந்து வந்து, முன் டயர் அந்தக் கற்றையை மறைத்ததும் ஸ்டேஜ் விளக்கு எரியும். தயார் என்று அர்த்தம். கார் பாயும்போது டயரின் பின்பக்கம் கற்றையைத் தாண்டி, வெளிச்சம் மறுபடி எதிர்ப்பக்கத்துக் கண்ணில் விழ வேண்டும். அந்தக் கணத்தில்தான் கடிகாரம் ஓடும். டயரோ வட்டம். தரையிலிருந்து ஓரிரு அங்குல உயரத்தில் அதைக் குறுக்கே அளந்தால் ஏறக்குறைய ஓர் அடி வரும். அந்த ஓர் அடியைக் கார் கடிகாரத்துக்குத் தெரியாமலே கடந்துவிடுகிறது. இதைத்தான் ரோல்-அவுட் என்கிறார்கள். கோட்டருகே இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளி நின்றால் இந்த இலவச தூரம் குறையும். சற்றுப் பின்தங்கி, ஸ்டேஜ் விளக்கு எரிந்தும் எரியாமலும் நின்றால் கூடும். தெரிந்தவர்கள் இந்த நாலைந்து அங்குலத்துக்காக மெனக்கெடுவார்கள்.

ஓர் அடி தானே என்று தோன்றும். கார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது அந்த முதல் அடிதான் மிக மெதுவானது. புவியீர்ப்பில் 0.6 பங்கு முடுக்கத்தோடு கிளம்பும் காருக்கு அதைக் கடக்க 0.3 விநாடிக்குச் சற்று மேல் ஆகும். கடந்து முடிக்கையில் வேகம் மணிக்கு 4 மைலைத் தாண்டியிருக்கும். அமெரிக்கக் கார் பத்திரிகைகள் கால் மைல் சீட்டோடு ஒத்துப்போவதற்காகத் தங்கள் 0–60 எண்ணிலிருந்தும் இந்த அடியைக் கழித்துவிடுகின்றன. மாடல் எஸ் பிளெய்டுக்கு 1.99 விநாடி என்று டெஸ்லா விளம்பரம் செய்தபோது, முதல் அடி கழிக்கப்பட்டது என்பதைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். ஜீரோவிலிருந்து என்று சொல்லிவிட்டு நாலு மைலிலிருந்து அளப்பது எனக்கு ஒட்டவே இல்லை. எல்லோரும் ஒரே அளவுக்கு ஏமாற்றினால் காருக்குக் கார் ஒப்பிட்டுப் பார்க்க அது போதும், அவ்வளவுதான்.

0–60, கால் மைல் என்ற இந்த இரண்டு அளவைகளும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள். 60 மைல் வரைக்கும் எத்தனை விநாடி என்று கேட்கும் வழக்கத்தை ஏற்படுத்தியவர் 1946-ல் மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையில் கார்களைப் பற்றி எழுதத் தொடங்கிய டாம் மெக்காஹில் என்பார்கள். கால் மைல் வேறு இடத்தில் வளர்ந்தது. கலிபோர்னியாவின் சாண்டா ஆனா விமான ஓடுதளத்தில் 1950-ல் காசு வாங்கிக்கொண்டு கார் விரட்ட விட்டார்கள். அடுத்த வருடமே வாலி பார்க்ஸ் நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷனைத் தொடங்கினார். (நம் சோழவரம் பந்தயத் திடலும் போர்க்கால விமான ஓடுதளம்தான். வேகப் பைத்தியங்களுக்கு முதலில் கிடைப்பது எங்கேயும் ஓடுதளம் போலிருக்கிறது.) ஓடுதளக்காரர்கள் தூரத்தை நிலையாக வைத்து நேரத்தை அளந்தார்கள், பத்திரிகைக்காரர்கள் வேகத்தை நிலையாக வைத்து நேரத்தை அளந்தார்கள். என் மருமகன் கேட்டது இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம்.

பாலம் சீட்டிலேயே இருக்கிறது.

60 அடியிலிருந்து 330 அடி வரை உள்ள 270 அடியைக் கார் 3.61 விநாடியில் கடந்திருக்கிறது. விநாடிக்கு 74.8 அடி. மணிக்கு 60 மைல் என்பது விநாடிக்குச் சரியாக 88 அடி. அந்தக் கணக்கில் 74.8 அடி என்பது 51 மைல். இது சராசரிதான். ஆனால் வேகம் ஏறிக்கொண்டே போகும் காரில், துண்டின் தொடக்கத்தில் வேகம் 51-க்குக் கீழேயும் முடிவில் மேலேயும் இருக்கும். நடுவில் ஏதோ ஒரு கணத்தில் 51-ஐத் தொட்டே தீர வேண்டும். எந்தக் கணம்? வேகம் ஒரே சீராக ஏறினால், அந்தத் துண்டுக்கான நேரத்தின் நட்ட நடுவில். தூரத்தின் நடுவை எடுத்துவிடக் கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான். 2.05-க்கும் 5.66-க்கும் நடு 3.86. ஆக, 3.86-வது விநாடியில் கார் ஏறக்குறைய 51 மைல்.

அடுத்த துண்டு இன்னும் சுலபம். 330-லிருந்து 660 வரை 3.00 விநாடி, விநாடிக்கு 110 அடி, மணிக்கு 75 மைல். நடு நேரம் 7.16.

"அப்ப 60 இது ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ இருக்கு."

ஆமாம். 3.3 விநாடியில் 24 மைல் ஏறியிருக்கிறது. நமக்கு வேண்டியது 51-க்கு மேலே 9 மைல். இரண்டு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைத்தால் 5.1 விநாடி வருகிறது. நேர்கோடு கொஞ்சம் ஏய்க்கும். முதல் 60 அடித் துண்டை இதே மாதிரி போட்டால் 1.03-வது விநாடியில் 20 மைல் என்று கிடைக்கிறது. அங்கிருந்து 51 வரை விநாடிக்கு 11 மைல் வீதம் ஏறிய கார், அதன் பிறகு விநாடிக்கு 7 மைல் வீதம்தான் ஏறுகிறது. ஏற்றம் போகப் போகத் தளர்கிறது, அதாவது கோடு மேலே புடைத்த வளைவு. 51-ஐத் தாண்டும் இடத்தில் வீதம் சுமார் 9. அப்படியானால் 60-ஐத் தொட ஒரு விநாடியும் கொஞ்சமும் போதும்: 4.9.

வரைபடத் தாள் ஒன்றில் இந்தப் புள்ளிகளை வைத்துக் கையாலேயே வளைவு போட்டான். 660 அடியில் சீட்டே தரும் 83 மைல், கடைசித் துண்டுகளிலிருந்து கிடைக்கும் 90, 100 எல்லாம் வளைவின் மேலேயே வந்து உட்கார்ந்தன. ஒரு புள்ளி விலகி நின்றால் அந்த இடத்தில் கியர் தப்பியிருக்கும், அல்லது டயர் வழுக்கியிருக்கும். சீட்டில் அச்சாகும் வேகத்திலும் ஒரு சின்ன விஷயம் உண்டு. 105 என்பது முடிவுக் கோட்டில் இருந்த வேகமல்ல; கோட்டுக்கு முந்தைய 66 அடியின் சராசரி. கோட்டைத் தாண்டும்போது மஸ்டாங் 106-ஐ நெருங்கியிருக்கும்.

ஆக, பத்திரிகைக் கணக்கில் 4.9. அசையாமல் நின்ற கணத்திலிருந்து எண்ணினால் 0.3 கூட்டி 5.2. நம் ஊரில் கேட்பது 0–100 கிலோமீட்டர். அது 62 மைலுக்குக் கொஞ்சம் மேல், இன்னும் கால் விநாடி கேட்கும். ஐந்தரை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே கார், ஒரே ஓட்டம், மூன்று எண். யார் எந்த எண்ணைச் சொல்கிறார் என்று தெரியாமல் இரண்டு கார்களுக்காகச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

எல்லோரும் முழுச் சீட்டைக் காட்ட மாட்டார்கள். "பதிமூணு நாப்பத்திரண்டு, நூத்தியஞ்சு" என்று இரண்டு எண்ணோடு நிறுத்திவிடுவார்கள். அதை வைத்தும் ஓரளவுக்குச் சொல்லலாம். அதற்கு எஞ்சின் கால் மைல் முழுவதும் ஒரே அளவு பவரைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டும். காரின் இயக்க ஆற்றல் நேரத்தோடு சீராக ஏறும். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே வேகம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் போல் ஏறும். பாதி வேகத்தைத் தொட மொத்த நேரத்தில் கால் பங்கே போதும். அப்படி ஓடும் காரின் சராசரி வேகம், முடிவு வேகத்தில் மூன்றில் இரண்டு பங்காக இருக்கும். கால் மைலை இத்தனை விநாடியில் கடந்தது என்றால் சராசரி வேகம் 900-ஐ அந்த விநாடியால் வகுத்தது. இரண்டையும் சேர்த்தால் அழகான ஒரு முடிவு வருகிறது: விநாடியையும் முடிவு வேகத்தையும் பெருக்கினால் 1350. முடுக்கம் கடைசிவரை மாறாமல் இருந்திருந்தால் 1800 வந்திருக்கும்.

அமெரிக்க வேகப் பந்தயக்காரர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் பாட்ரிக் ஹேலின் சூத்திரத்தில், எடையையும் குதிரைத்திறனையும் வைத்து நேரம் கணக்கிட 5.825 என்றொரு எண், வேகம் கணக்கிட 234 என்றொரு எண் வரும். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: 1363. அனுபவத்தில் தேறிய எண்ணும் தாளில் வந்த எண்ணும் நூற்றுக்கு ஒன்று மட்டுமே வித்தியாசம். பந்தயத் திடலில் சல்லடை போட்டு எடுத்த இந்த மாதிரிச் சூத்திரங்களுக்குள் இருக்கும் இயற்பியலை ஜெஃப்ரி ஃபாக்ஸ் என்பவர் 1973-ல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸில் விளக்கி எழுதியிருக்கிறார்.

மருமகனின் காருக்கு 13.42-ஐ 105-ஆல் பெருக்கினால் 1409. 1350-ஐவிட 59 கூடுதல். இந்தக் கூடுதல்தான் துப்பு. 105 மைலில் முடிக்கும் அளவுக்குப் பவர் உள்ள கார், 1350-ஐ 105-ஆல் வகுத்தால் வரும் 12.86 விநாடியில் முடித்திருக்க வேண்டும். மீதி 0.56 விநாடி கிளம்புகிற இடத்தில் தொலைந்திருக்கிறது. கிளட்சை விடும்போது, டயர் பிடிக்காமல் சுற்றும்போது, கியர் மாற்றும்போது எஞ்சின் பவர் ரோட்டுக்கு வந்து சேராத நேரமெல்லாம் இதில் அடக்கம். 60-ஐ 105-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.3265. 12.86-ஐ அதனால் பெருக்கினால் 4.20. தொலைந்த 0.56-ஐத் திரும்பச் சேர்த்தால் 4.76. முழுச் சீட்டை வைத்துப் புள்ளி புள்ளியாகப் போட்டது 4.9. இரண்டே எண்ணை வைத்துக்கொண்டு இவ்வளவு பக்கத்தில் வருவது எனக்குத் திருப்தியே.

16.1 விநாடியும் 87 மைலும் எடுக்கும் ஒரு சாதாரணக் குடும்பக் காருக்கு இதே வழியில் போட்டால் ஏறக்குறைய 8 விநாடி வரும். அந்த ரகக் கார்களுக்கு நியாயமான எண். ராட்சசக் கார்களிடம் இந்தக் கணக்கு செல்லாது. 60 மைலைத் தொடும் வரைக்கும் அவற்றில் எஞ்சின் முழுசாக வேலை செய்வதே இல்லை. டயர் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான். புவியீர்ப்புக்குச் சமமான முடுக்கத்தில், ஒரு நொடிகூட வழுக்காமல் போனாலும் 60 மைலுக்கு 2.73 விநாடி ஆகும். முதல் அடியைக் கழித்தால் இரண்டரை. அதற்கும் கீழே ஓர் எண்ணைக் கேட்டால், பசை தெளித்த தரையையும் நல்ல டயரையும் பற்றித்தான் முதலில் விசாரிக்க வேண்டும். டிராக் ஸ்டிரிப்பின் தொடக்கப் பகுதியில் அப்படித்தான் தெளித்து வைக்கிறார்கள். அதில் செருப்புக் காலோடு நடந்தால் செருப்பு தரையோடு நின்றுவிடும்.

"அப்ப என் கார்ல பவர் இருக்கு, எனக்குத்தான் கிளம்பத் தெரியலைங்கறீங்களா?"

சீட்டு அப்படித்தான் சொல்கிறது. முடிவு வேகம் எஞ்சினுடையது, நேரத்தில் பாதி ஓட்டுநருடையது. கோட்டிலேயே கொஞ்சம் தடுமாறினால் கார் கால் மைல் முழுவதும் அந்தத் தாமதத்தைச் சுமந்துகொண்டு போகும், ஆனால் கடைசியில் காட்டும் வேகம் அவ்வளவாகக் குறையாது. 60 அடியில் 0.1 விநாடி மிச்சம் பிடித்தால் கால் மைலில் 0.15 மிச்சமாகும் என்பது அங்கே எல்லோர் வாயிலும் உள்ள கணக்கு. இவன் 2.05-ஐ 1.85 ஆக்கினால் 13.12 வரும், வேகம் அதே 105. அந்த எண்களை வைத்து மறுபடி போட்டால் தொலைந்த நேரம் 0.26 ஆகச் சுருங்கி, 60 மைல் 4.46-ல் வருகிறது. ஒரு குதிரைத்திறன்கூடச் சேர்க்கவில்லை. புது எக்ஸாஸ்ட்டுக்குச் செலவழிக்க நினைக்கிற பணத்தை டயருக்குப் போடலாமே என்றேன். முகம் கொஞ்சம் வாடியது. டயருக்குச் சத்தம் கிடையாதே.

வெயிலையும் உயரத்தையும் மறந்துவிடக் கூடாது. காற்று மெலிந்தால் டர்போ இல்லாத எஞ்சின் மூச்சுத் திணறும். ஆயிரம் அடி உயரத்துக்கு நூற்றுக்கு 3 பங்கு பவர் போகும் என்பது பொதுக் கணக்கு. டென்வர் அருகே 5,800 அடி உயரத்தில் 2023 வரை இயங்கிய பேண்டிமியர் ஸ்பீட்வேயில் இதே மஸ்டாங் ஓடியிருந்தால் ஆறில் ஒரு பங்கு பவர் காணாமல் போயிருக்கும். ஆனால் முடிவு வேகம் பவரின் கனமூலத்தைத்தான் பின்தொடரும். அதனால் 105 என்பது 99-க்குப் பக்கமாக இறங்குவதோடு நின்றுவிடும். மலை ஊர்ச் சீட்டையும் கடலோரச் சீட்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. சித்திரை வெயில் மாதிரிச் சூட்டில் ஓடியதற்கும் மார்கழிக் குளிரில் ஓடியதற்கும் இதே நியாயம்தான், அளவு சிறிது.

இரண்டாவது கியரில் 60 மைல் எட்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 58-லேயே எஞ்சின் உச்சத்தைத் தொட்டு மூன்றாவதுக்கு மாற்ற வேண்டியிருந்தால், அந்தக் கை அசைவுக்குக் கால் விநாடிக்கு மேல் போய்விடும். கால் மைல் நேரத்தில் அது கண்ணிலேயே படாது. 0–60-ல் அசிங்கமாகத் தெரியும். சில கார்களுக்கு 60-ஐ ஒரு கியர் குறைவாகத் தொடும்படி பல் சக்கரங்களை அமைப்பதும் இதனால்தான். சீட்டிலிருந்து நாம் போட்ட வளைவு இந்த மேடு பள்ளத்தை மழுக்கிவிடுகிறது. ஆகவே 4.9 என்பதை, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் 0.2 விட்டுத்தான் படிக்க வேண்டும்.

இவ்வளவு கணக்கும் எதற்கு, ஜி.பி.எஸ். டப்பா ஒன்றை வாங்கி டாஷ்போர்டில் ஒட்டிக்கொள்கிறேனே என்றான். தாராளமாக. விபாக்ஸ், டிராகி என்று கிடைக்கின்றன. ஓர் ஓட்டத்துக்கு எத்தனை எண் வேண்டுமோ அத்தனையும் கொடுக்கும். ரோடு சமதளமா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். நூறு அடிக்கு ஓர் அடி இறக்கம் இருந்தாலே 60 மைல் நேரத்தில் 0.1 விநாடிக்குப் பக்கமாகக் குறைத்துக் காட்டிவிடும், அது காரின் திறமை ஆகாது. டிராகி செயலியில் ஓர் அடி ரோல்-அவுட்டைச் சேர்க்கவும் விடவும் வசதி உண்டு. ஒரு முறை ஓட்டினாலே போதும்: அதைச் சேர்த்தால் 4.9, விட்டால் 5.2. ஆபீஸில் எதைச் சொல்வது என்பதை அவன் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளட்டும்.